நாய்க்கு என்ன போடுறது? கவுண்டரில் கேட்ட கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன நாய் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில் 11 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் அறைக்குள் காய்ச்சல், ஊசி, உண்ணி என்று பேசிவிட்டு, வெளியே வந்து பணம் எடுக்கும்போதுதான் பலருக்கும் சாப்பாட்டு ஞாபகம் வரும். "டாக்டர்ட்ட கேட்க மறந்துட்டேன்க்கா" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோயுள்ள நாய்க்கும் சினையாக இருக்கும் நாய்க்கும் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

"சுத்தி வளைக்காம ஒரே ஒரு பேரைச் சொல்லுங்கக்கா. எது பெஸ்ட்?"

அப்படி ஒரு பேர் இல்லை. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு பாக்கெட் வாங்கிப் போட்டு நாயைப் பீப்பாய் ஆக்கியவர்களைத் தெரியும். ரேஷன் அரிசியும் கோழிக்காலும் போட்டு அருமையாக வளர்த்தவர்களையும் தெரியும். உடம்புக்கு வேண்டிய சத்து எல்லாம் தட்டில் இருக்க வேண்டும், அளவு மீறக்கூடாது. அதற்கு மேல் உங்கள் நாயின் உடம்புதான் தீர்ப்புச் சொல்லும். மலம் கையில் எடுக்கிற பதத்தில் கெட்டியாக இருந்து, முடி பளபளவென்று இருந்து, எடை ஏறாமல் இறங்காமல் நின்றால் அந்தச் சாப்பாடு அதற்கு ஒத்துப்போகிறது. பக்கத்து வீட்டு நாய்க்கு ஒத்துக்கொண்டது உங்கள் நாய்க்குப் பேதியாகலாம்.

"நாய் மாமிசம் தின்னுற பிராணிதானே, சோறே போடக்கூடாதாமே?"

ஓநாய்க்கு வேண்டுமானால் அது பொருந்தும். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருக்கிறது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான வருடம் மனிதன் வீட்டு வாசலில் மிச்சம் தின்று தின்று நாயின் வயிறே மாறிவிட்டது. நன்றாகக் குழைந்த சோறு நாய்க்குச் செரிக்கும். சோற்றைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

"எங்க தாத்தா வளர்த்த நாய் வெறும் தயிர்சோறு தின்னே 14 வருஷம் இருந்துச்சு. இப்ப மட்டும் என்ன புதுசா?"

இந்தக் கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள். தாத்தா வீட்டு நாய் கட்டிப்போட்ட நாய் இல்லை. பகலெல்லாம் தோட்டத்தில் சுற்றி எலி, ஓணான், கோழிக்குடல் என்று கிடைத்ததைத் தின்றுவிட்டு, ராத்திரி தயிர்சோற்றுக்கு வீடு வந்தது. அதோடு, 14 வருடம் இருந்த நாயைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். நாலு வயதில் போனதை யாரும் எண்ணுவதில்லை.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 கிலோ நாய்க்கு 400 கிராம் சோறும் 200 கிராம் தயிரும் வைத்தால் சுமார் 640 கலோரி வந்துவிடும், வயிறும் நிறையும். புரதம் 17 கிராம்தான் இருக்கும். பாக்கெட் தீனிக்கு அமெரிக்காவில் பின்பற்றும் அளவின்படி பார்த்தால், இவ்வளவு கலோரியில் குறைந்தது 28 கிராம் புரதம் வேண்டும். சோற்றை 250 கிராமாகக் குறைத்து, 100 கிராம் வெந்த எலும்பில்லாக் கோழிக்கறி, ஒரு அவித்த முட்டை, 100 கிராம் தயிர் என்று மாற்றினால் கலோரி கிட்டத்தட்ட அதேதான், புரதம் மட்டும் 40 கிராமைத் தாண்டிவிடும். பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், கறிக்குழம்பைச் சோற்றில் ஊற்றி வாசனை காட்டிவிட்டு 'கறி போடுகிறோம்' என்று சொல்லிக்கொள்வது.

"அப்ப தினமும் கறியும் சோறும் போட்டா எல்லாச் சத்தும் வந்துருமா?"

வராது. முதலில் இடிப்பது கால்சியம். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். மாதக்கணக்கில் வெறும் சதைக்கறியும் சோறும் தின்ற நாயின் உடம்பு, குறையும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். குட்டியாக இருந்தால் கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும்.

வீட்டுச் சாப்பாடு மட்டுமே தின்னும் வளர்ந்த நாய்க்கு முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக் கலக்கலாம். ஒரு கிராம் ஓட்டுத்தூளில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 2 கிராம், அதாவது அரை டீஸ்பூன் போதும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ இவையும் வீட்டுச் சாப்பாட்டில் குறைபவைதான். நாம் வெயிலில் நின்றால் தோலில் வைட்டமின் டி ஊறுகிற மாதிரி நாய்க்குப் போதுமான அளவு ஊறாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-இல் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அதில் 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. இத்தனைக்கும் பல குறிப்புகள் கால்நடை மருத்துவர்களே எழுதியவை. அதனால் முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால், கலந்து போடும் வைட்டமின் தாதுப்பொடி ஒன்றை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்? தட்டை நக்கிட்டு இன்னும் இன்னும்னு பார்க்குதே."

பார்க்கத்தான் செய்யும். லேப்ரடாரெல்லாம் எவ்வளவு வைத்தாலும் பார்க்கும். வீட்டில் இருக்கிற, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு உத்தேசமாக 10 கிலோ எடைக்கு 630 கலோரி, 15 கிலோவுக்கு 850, 20 கிலோவுக்கு 1,060. எடை இரண்டு மடங்கானால் சாப்பாடும் இரண்டு மடங்காகாது, கவனியுங்கள். இது தொடக்க எண்தான். இரண்டு வாரம் கழித்து எடை பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். நாலு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு, அதே எடையுள்ள வளர்ந்த நாயைவிடக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு வேண்டும். அதையும் நாளுக்கு மூன்று நாலு தடவையாகப் பிரித்து வைக்க வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல நெஞ்சு ஆழமான நாய்க்கு ஒரே வேளையில் மலை மாதிரி குவித்து வைக்காதீர்கள், தின்றவுடன் ஓடவும் விடாதீர்கள். வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

பிஸ்கட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. அப்பா காபிக்கு உட்கார்ந்தால் இரண்டு, டீக்கடைப் பொறை ஒன்று, ராத்திரி சப்பாத்தித் துண்டு என்று போனால் 10 கிலோ நாய்க்கு அதுவே கிட்டத்தட்ட அரை வேளைச் சாப்பாடு. நொறுக்குத்தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

"எங்க நாய் குண்டா, ஒல்லியா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். அழுத்தாமலேயே எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட வேண்டும், ஆனால் தள்ளி நின்று பார்த்தால் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஓட்டத்துக்கென்றே பிறந்த உடம்பு, கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் அழகு. அதைப் பார்த்து "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

48 லேப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, 2002-இல் வெளிவந்தது. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக வைத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். குறைவாகத் தின்றவை நடுவாக 13 வருடம் இருந்தன, மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. தீனி ஒன்றுதான், அளவுதான் வேறு. முதல் கேள்வியில் பேர் சொல்லாமல் நழுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பால் குடுக்கலாமா? குட்டி வந்ததிலேர்ந்து பால்தான் குடிக்குது."

தாய்ப்பால் மறந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, பேதியாகும். தயிரில் அந்தச் சர்க்கரை ஓரளவு உடைந்திருப்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தாயை இழந்த சின்னக் குட்டிக்குப் பசும்பால் பலம் போதாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் அதைப்போல இரண்டு மடங்கு. குட்டிகளுக்கென்று வரும் பால்பவுடரை வாங்குங்கள்.

"கறிக்கடையில கோழிக்கால், தலை, தோல், ஈரல் எல்லாம் கம்மி விலைக்குத் தர்றாங்க. போடலாமா?"

போடலாம். எதை எவ்வளவு என்பதில்தான் விஷயம். கோழிக்காலையும் கழுத்தையும் குக்கரில் நிறைய விசில் விட்டு, எலும்பை விரலால் நசுக்கினால் மாவாகிற வரை வேகவைக்க வேண்டும். ஈரல் சத்துதான், ஆனால் அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. விலை மலிவு என்று தினமும் கால் கிலோ போட்டால் உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். இருபது பங்கு சாப்பாட்டில் ஒரு பங்கு ஈரல் போதும். தோலையும் மஞ்சள் கொழுப்பையும் நீக்கிவிடுங்கள். கிடாவெட்டு நடந்த மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் வாந்தியெடுக்கும் நாய்கள் வரிசையில் நிற்கும். ஒரே நாளில் கொழுப்பைக் கொட்டினால் கணையம் வீங்கிவிடும். வயிற்றைத் தொடவிடாது, முதுகை வளைத்து நிற்கும். நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றும் செலவில் நாலு மாதத் தீனி வாங்கிவிடலாம்.

பச்சையாகவே போட்டால்தான் நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர் வெக்கையில் கடையிலிருந்து வீடு வருவதற்குள் அந்தக் கறியில் என்னென்ன வளர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அது நக்கும் குழந்தைக்கு சால்மோனெல்லா கிருமி வரலாம்.

"எலும்பு போடாம நாய் வளர்க்குறதா?"

வெந்த எலும்பு உடைந்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். தொண்டையில் சிக்கும், குடலைக் குத்தும், இல்லையென்றால் பொடியாகி மலக்குடலில் சிமெண்ட் மாதிரி இறுகும். பிரியாணி எலும்புதான் இதில் மோசம். மேலே சொன்ன மாதிரி மாவாக வெந்தது மட்டும்தான் விதிவிலக்கு.

"எதெல்லாம் கண்டிப்பா குடுக்கவே கூடாது?"

திராட்சை, உலர்திராட்சை முதலில். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் நின்றுவிடுகிறது, எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடப்பதைப் பொறுக்காமல் வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் உண்டு. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றி 2022-இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். புளிக்குழம்பும் புளியோதரையும் நாய்த் தட்டுக்கு வேண்டாம்.

வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. ஒரு கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியலாம். சாம்பாரில் கிடந்த ஒரு சின்ன வெங்காயத்தை நக்கியதற்குப் பதற வேண்டாம், ஆனால் தினமும் குழம்புச் சோறு என்றால் சேர்ந்துகொண்டே போகும். சாக்லேட்டில் கறுப்பாக இருப்பதுதான் அதிக ஆபத்து. 10 கிலோ நாய்க்கு 100 கிராம் பால் சாக்லேட்டிலேயே படபடப்பும் வாந்தியும் தொடங்கிவிடும், கறுப்பு சாக்லேட் 40 கிராமே போதும். சர்க்கரையில்லாத சூயிங்கம், சில பேஸ்ட், சில வேர்க்கடலை வெண்ணெயில் சேர்க்கும் சைலிட்டால் இவை எல்லாவற்றையும்விட வேகமானது. அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடும், கல்லீரலும் போகலாம்.

இதில் எதைத் தின்றிருந்தாலும் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகி வந்த நாயைப் பார்த்திருக்கிறேன். தின்ற பொருளின் கவரை எடுத்துக்கொண்டு நேரே வாருங்கள்.

"நாங்க சுத்த சைவம். நாய்க்காக வீட்ல கறி சமைக்க முடியாது."

பூனையாக இருந்தால் முடியாது என்றே சொல்லியிருப்பேன். நாயைச் சைவமாக வளர்க்கலாம், கணக்காக இருந்தால். முட்டைக்கு வீட்டில் சம்மதம் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால் பனீர், தயிர், நன்றாக வெந்த பருப்பு, ஊறவைத்து வேகவைத்த மீல்மேக்கர் இவற்றில் புரதத்தைச் சேர்க்கலாம். ஆனால் பி12, வைட்டமின் டி, டாரின் என்ற அமினோ அமிலம் இவை குறையும், பருப்புத் தட்டை வைத்துக்கொண்டு நீங்களாக ஈடுகட்ட முடியாது. முழுமையான சத்துணவு என்று அச்சிட்ட சைவ பாக்கெட் தீனியை அடிப்படையாக வைத்து, வீட்டுச் சாப்பாட்டை மேலே கொஞ்சமாகச் சேர்ப்பதே என் யோசனை. குட்டிக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

"பாக்கெட்ல பொடி எழுத்துல என்னென்னமோ இருக்கு. எதைப் பார்க்கணும்?"

முதலில், அது முழுமையான உணவா, துணை உணவா என்று பாருங்கள். துணை உணவு என்று இருந்தால் அது நொறுக்குத்தீனி, அதை மட்டுமே போட்டு வளர்க்க முடியாது. அடுத்து குட்டிக்கா, வளர்ந்ததற்கா. பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் வரும். ஆனால் ஈரத்தோடு நிறுத்த எடை என்பதால், முதலில் 'கோழிக்கறி' என்று இருப்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். பச்சைக்கறியில் முக்கால்வாசி தண்ணீர்.

புரத அளவை ஒப்பிடவும் தண்ணீரைக் கழிக்க வேண்டும். உருண்டைத் தீனியில் 24 சதவீதம், கூழ்ப் பையில் 8 சதவீதம் என்று போட்டிருந்தால் கூழ் மட்டம் என்று தோன்றும். கூழில் 80 சதவீதம் தண்ணீர். மிச்சம் 20-இல் 8 என்றால் 40 சதவீதம். உருண்டையில் 10 சதவீதம்தான் தண்ணீர், 90-இல் 24 என்றால் 27 சதவீதம்கூட இல்லை.

"கடையில லூசா கிலோ கணக்குல விக்கிறது சீப்பா இருக்கே?"

தேதி தெரியாது, பேர் தெரியாது, மூட்டை பிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தெரியாது. காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்கடித்துவிடும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். நான் வாங்க மாட்டேன். பெரிய மூட்டை வாங்கினாலும் ஒரு மாதத்தில் தீருகிற அளவாக வாங்கி, டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள்.

"கிரேட் டேன் குட்டி. கால் நல்லா வரணும்னு கால்சியம் டானிக் ரெண்டு வேளை குடுக்குறேன். சரிதானே?"

முழுமையான பாக்கெட் தீனி போடுகிறீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். முன்பு சொன்ன கால்சியம் குறை, வீட்டுச் சாப்பாடு மட்டும் தின்னும் நாய்க்கு. பெரிய சாதிக் குட்டிக்கு மிஞ்சினாலும் ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல் அதிகக் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணலாக வளரும். அதனால்தான் பெரிய சாதிக் குட்டிகளுக்கு என்று தனித் தீனி வருகிறது, அதில் கால்சியத்துக்கு மேல்வரம்பு உண்டு. இந்தக் குட்டிகளை வேகமாகக் கொழுக்கவைப்பதும் தப்பு. டானிக் பாட்டிலை விற்பது நான்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

"புதுத் தீனி மாத்தினேன், மறுநாளே பேதி. அது கெட்ட தீனிதானே?"

பெரும்பாலும் அவசரம்தான் கெட்டது. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதில் கால் பங்கு, பாதி, முக்கால் என்று புதியதைக் கூட்டுங்கள். அப்படியும் பேதி நிற்கவில்லை, ரத்தம் கலந்து வருகிறது, சோர்ந்து படுக்கிறது என்றால் தீனியை ஆராயாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். தடுப்பூசி போடாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்.

"சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. சிக்கன் அலர்ஜின்னு நெட்ல போட்டிருக்கு, அதான் நிறுத்திட்டேன்."

முதலில் தெள்ளும் உண்ணியும் பாருங்கள், நம்ம ஊரில் சொறிகிற நாய்களில் பாதிக்கு மேல் அதோடு முடிந்துவிடும் என்பது என் அனுபவம். உணவு ஒவ்வாமை உண்மையாகவே உள்ள நாய்களைத் தொகுத்து 2016-இல் பார்த்தபோது மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை என்ற வரிசையில் காரணங்கள் இருந்தன. கோழியை நிறுத்திவிட்டுக் காலையில் பாலும் பிஸ்கட்டும் வைத்தால் ஒன்றும் தெரியாது. இதுவரை தின்னாத ஒரே ஒரு கறியும் ஒரே ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம், இடையில் ஒரு துண்டுகூட வேறு இல்லாமல். சொறி அடங்கியபின் பழையதைத் திரும்பக் கொடுத்து மறுபடி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் இந்தச் சோதனை தேறுவது கஷ்டம்.

"தானியமே இல்லாத தீனின்னு டபுள் விலைக்கு விக்கிறாங்க. அது ஒசத்தியா?"

நாய்க்குத் தானியம் செரிக்கும் என்று இரண்டாவது பதிலிலேயே பார்த்தோம். தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டாணியும் பருப்பும் போடுகிறார்கள். அப்படிப்பட்ட தீனி தின்ற நாய்களுக்கு இதயத் தசை தளரும் நோய் வந்ததாகப் புகார் வந்து, அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018-இல் விசாரணையை அறிவித்தது. தீனிதான் காரணம் என்று அவர்களால் உறுதியாக நிறுவ முடியவில்லை, 2022 கடைசியில் புதிய தகவல் வந்தால்தான் இனி அறிக்கை என்று சொல்லிவிட்டார்கள். தானிய ஒவ்வாமை நிரூபணமாகாத நாய்க்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

"12 வயசு. கிட்னி போயிருச்சுன்னு டாக்டர் தனி தீனி எழுதினார், மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது. பழைய கறிச்சோறே குடுத்துரவா?"

வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் புரதத்தைக் குறைக்கத் தேவையில்லை. தசை கரையும் வயதில் அது கூடுதலாகவே வேண்டும். சிறுநீரகம் கெட்டபின் கதை வேறு. அந்தத் தனித் தீனியில் முக்கியமாகக் குறைத்திருப்பது பாஸ்பரஸை. கறியிலும் எலும்பிலும் நிறைய இருப்பது அதுதான். அதனால் பழைய கறிச்சோற்றுக்கு முழுசாகத் திரும்புவதற்கு முன் சிலதை முயன்று பாருங்கள்.

வெந்நீர் தெளித்துக் கைச்சூட்டில் வையுங்கள், வாசனை எழும்பும். தீனி மாற்றுவதற்கு முன்பு சொன்ன பத்து நாள் கணக்கை இதற்கு ஒரு மாதமாக நீட்டுங்கள். குமட்டல் இருக்கும்போது புதுத் தீனியைத் திணித்தால் அந்த வாசனையே ஆயுசுக்கும் வெறுத்துப்போகும். முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். அப்படியும் தொடவில்லை என்றால், பட்டினி கிடப்பதைவிடப் பிடித்ததைக் கொஞ்சம் தின்பது மேல், பாஸ்பரஸைக் கட்டும் மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்க டாக்டரிடம் வழி உண்டு. தினமும் எவ்வளவு தின்றது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். உள்ளே போனதும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.